பெஞ்சில் தலைகீழாக மாட்டிய பிளேனரில் (மரம் இழைக்கும் மின் கருவி) பலகையின் கடைசி இரண்டு அங்குலம் மட்டும் குழி விழுகிறது. எதைச் சரிசெய்ய வேண்டும்?

இதே குழியோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியவன் நான். கிருஷ்ணகிரியில் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பட்டறை. கையில் பிடித்து ஓட்டும் 82 மில்லி பிளேனர், அதைக் கவிழ்த்து உட்கார வைக்க ஒரு ஸ்டாண்ட். மாட்டியது பத்தே நிமிஷம்.

குழி விழுந்ததும் ஆழம் வைக்கும் குமிழைத்தான் திருகிக்கொண்டே இருந்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குமிழ் முன் தட்டை, அதாவது பலகை பிளேடுக்கு வரும் பக்கத்துத் தட்டை, ஏற்றி இறக்கும், அவ்வளவுதான். இழைத்த முகம் போய் உட்காருவது பின் தட்டில். பிளேடின் உச்சி அந்தப் பின் தட்டுக்குச் சமமாக நிற்க வேண்டும். தூக்கலாக நின்றால், பலகையின் வால் முன் தட்டை விட்டதும் பொத்தென்று இறங்கும், அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சீவிவிடும். தாழ்ந்து நின்றால் பலகையின் முனை பின் தட்டின் விளிம்பில் முட்டிக்கொள்ளும்.

சோதிப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. நேரான ரீப்பர் துண்டு ஒன்றைப் பின் தட்டில் வைத்து, பிளேடுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி தள்ளுங்கள். பின் தட்டின் விளிம்புக்கு நேராக ரீப்பரில் பென்சில் கோடு. இனி பிளேடு மாட்டிய உருளையை வெட்டும் திசையில் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிளேடு ரீப்பரைத் தொட்டுக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். கோடு ஒரு நூலுக்குள், அதாவது அரைக்கால் அங்குலத்துக்குள் (1/8), நகர்ந்தால் சரி. இரண்டு பிளேடுக்கும், ஒவ்வொன்றின் இரு முனைக்கும் பாருங்கள்.

எனக்கு ஒரு பிளேடு ஒரு நூல், இன்னொன்று இரண்டு நூலுக்கும் மேல். அதாவது ஒரே பிளேடுதான் மொத்த வேலையும் செய்துகொண்டிருந்தது. பலகையில் அலை அலையாக வரி விழுந்ததற்கும் அதுதான் காரணம். கழற்றினால், பிளேடு உட்காரும் பள்ளத்தில் மாமரத் தூளும் பிசினும் சேர்ந்து கெட்டியாக இறுகிக் கிடக்கிறது. எங்கள் பக்கம் தோப்பில் வயதான மாமரம் வெட்டினால் பலகை மலிவு, அந்த மலிவுக்கு இது கூலி. மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ். துடைத்து மாட்டி, நடு போல்ட்டை முதலில் முடுக்கி, பிறகு ஓரத்து போல்ட்டுகளை மாற்றி மாற்றி முடுக்கினேன். குழி போயே போச்சு.

ஸ்டாண்டின் அடிப்பலகையையும் ஒருமுறை பாருங்கள். என் பிளைவுட் வளைந்திருந்தது, கிளாம்ப்பை இறுக்க இறுக்க ஸ்டாண்டே முறுக்கிக்கொண்டது. இந்த ஊரில் கிரானைட் பாலிஷ் பட்டறைக்கா பஞ்சம்? வெட்டிப் போட்ட துண்டு ஒன்றை வாங்கி வந்து அடியில் வைத்தேன், அசையவில்லை. பக்கத் தடுப்புக்கு மூலைமட்டம் வைக்கும்போதும் பின் தட்டின் மேல் வையுங்கள்.

ஓர் அடிக்குக் குறைந்த துண்டை இதில் தள்ளாதீர்கள், கை பிளேடு பக்கம் போய்விடும். கையுறையும் வேண்டாம், நூல் சிக்கினால் கையையே இழுத்துவிடும். சின்னத் துண்டுகளை நான் பெரியப்பாவிடம் கொண்டுபோவேன். இழைப்புளியை நாலு இழுப்பு இழுத்துக் கையில் கொடுத்துவிட்டு, "இதுக்கு ஒரு மிஷினு, அதுக்கு ஒரு ஸ்டாண்டு, அதுக்கு அடியில ஒரு கல்லு வேறயாடா?" என்பார்.