1200 மடங்கு மைக்ராஸ்கோப் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் பள்ளியில் தாவரத் திசுவும் நுண்ணுயிர்களும் படிக்கிறாள், வீட்டுக்கு மைக்ராஸ்கோப் வேண்டும் என்கிறாள். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு பார்த்தேன். ஒன்றில் 1200 மடங்கு, மற்றதில் 400 மடங்கு என்று போட்டிருக்கிறது. 1200-தானே லாபம்?

பதில்: இல்லை, 400-ஐப் பாருங்கள். பெட்டியில் பெரிய எண் அச்சடிக்க யாருக்கும் கூடுதல் செலவில்லை.

பொருளுக்கு அருகில் இருக்கும் லென்ஸின் பக்கவாட்டைப் படியுங்கள். 40/0.65 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்க வேண்டும். முதலாவது உருப்பெருக்கம், கண்ணருகே உள்ள 10 மடங்கு லென்ஸோடு சேர்ந்து 400 ஆகிறது. இரண்டாவதுதான் முக்கியம்: நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் திறன். அதை 1000-ஆல் பெருக்கினால் உச்சவரம்பு தெரிந்துவிடும். 0.65 என்றால் சுமார் 650 மடங்கு. அதற்கு மேல் படம் பெரிதாகும், கூடவே மங்கலும் பெரிதாகும். இரண்டாவது எண்ணே இல்லாத லென்ஸ் பெரும்பாலும் பொம்மை ரகம்.

சரி, 400-ல் என்ன தெரியும்? வெங்காயத் தோலின் செல்கள் 100 மடங்கிலேயே செங்கல் அடுக்கியதுபோல் தெரியும். ஒரு சொட்டு அயோடின் விட்டால் உட்கருவும் தெரியும். இலையின் அடிப்பக்கத்தை உரித்தால் இலைத்துளைகள். மீன்தொட்டி ஹைட்ரில்லாவின் இலை இரண்டே செல் தடிமன் என்பதால் வெட்டவே வேண்டாம். பசுங்கணிகங்கள் செல்லுக்குள் ஊர்வதை ஒரு முறை பார்த்தால் உங்கள் மகள் இடத்தைவிட்டு எழமாட்டாள்! குளத்துநீரில் பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரி கிடைக்கும். பாக்டீரியா மட்டும் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். அதற்கு எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100/1.25 லென்ஸ் வேண்டும், பிறகு வாங்கிக்கொள்ளலாம். வைரஸ் எந்த ஒளி மைக்ராஸ்கோப்பிலும் எதிர்பார்க்காதீர்கள். (டச்சுக்காரர் லீவன்ஹுக் 17-ம் நூற்றாண்டில் பாக்டீரியாவைக் கண்டது ஒற்றை லென்ஸில். இன்று எஞ்சியிருக்கும் அவர் கருவிகளில் சிறந்தது சுமார் 270 மடங்குதான். லென்ஸ் அவ்வளவு சுத்தம்.)

அப்புறம், படத்தைக் கூர்மையாக்கும் நுண்சரிசெய் திருகு தனியாக இருக்கிறதா, மேடைக்கு அடியில் விளக்கும் ஒளியைக் குறைக்கும் திரையும் உண்டா என்று பாருங்கள். நிறமில்லாத செல்கள் வெளிச்சத்தைக் குறைத்தால்தான் எடுப்பாகத் தெரியும். தயார் ஸ்லைடு பெட்டிக்குத் தரும் பணத்தில் வெற்று ஸ்லைடும் மூடுகண்ணாடியும் வாங்கிக்கொடுங்கள். மூடுகண்ணாடி 0.17 மி.மீ. தடிமன் இருக்கட்டும், 40 மடங்கு லென்ஸ் அந்தக் கணக்கில்தான் செய்யப்படுகிறது.