விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி நண்பர்கள் இந்தக் கிளைப் பாதையைப் பற்றிக் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

முதலியார்பேட்டையிலிருந்து: பீச்சுக்கு வருகிறவர்களுக்காகவா இந்தப் பாதையைப் போட்டார்கள்?

இல்லை, சரக்குக்காக. 1879-ல் மீட்டர் கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில், திறந்தார்கள். லண்டனில் பதிவான பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனியின் சொத்து. வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. அன்றைய புதுச்சேரியில் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியாது. ஆழத்தில் நங்கூரமிட்டுப் படகில் சரக்கை ஏற்றி இறக்குவார்கள். நம் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை மூட்டையாகப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போன காலம் அது. உள்நாட்டு விளைச்சல் கடலைத் தொட ஒரு வழி வேண்டியிருந்தது. சுற்றுலா வண்டியாகவே இதைப் பார்த்துப் பழகிவிட்டோம். இதைக் கட்ட வைத்தவர்கள் வியாபாரிகளும் விவசாயிகளும்தான் என்பதை மறக்கக் கூடாது.

வில்லியனூரிலிருந்து: பிரெஞ்சுக்காரர் காலத்தில் ரயிலில் சோதனை உண்டா?

உண்டு. விழுப்புரம், வளவனூர் பிரிட்டிஷ் பகுதி. வில்லியனூரும் புதுச்சேரியும் பிரெஞ்சுப் பகுதி. 40 கி.மீ. கூட இல்லாத பயணத்தில் ஆட்சியே மாறிவிடும். வரி கட்டாத சரக்கு வெளியே போய்விடும் என்று பிரிட்டிஷ் சுங்கத்தாருக்குக் கவலை. 1941-ல் இரு தரப்பும் சுங்க ஒப்பந்தம் செய்த பிறகு கெடுபிடி தளர்ந்தது. 1949-ல் அது முடிந்ததும் மறுபடி சோதனைதான். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறிய பிறகே நிம்மதி. இந்த எல்லை சிலருக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது. பாரதியார் 1908-ல் வந்து பத்து ஆண்டுகள் புதுவையில் இருந்தார். 1918-ல் எல்லை தாண்டியதும் பிடித்துக் கடலூர் சிறையில் அடைத்தார்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: கடலூர் – புதுச்சேரி நேரடி ரயில் ஏன் இல்லை?

எனக்கும் நெடுநாள் வருத்தம் இது. சாலையில் 25 கி.மீ.க்குள் முடிகிற தூரம். ரயிலில் என்றால் பண்ருட்டி, விழுப்புரம் சுற்றி ஏறத்தாழ 80 கி.மீ. போக வேண்டும். சென்னையிலிருந்து வரும் மெயின் லைன் விழுப்புரம் வழியாகக் கடலூருக்கு வந்துவிட்டது. புதுவை பிரெஞ்சு நிலம், இடையிலுள்ள பாகூரும் அப்படியே. அதனால் தனிக் கிளையோடு நிறுத்திக்கொண்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகாவது இணைத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை ஏறத்தாழ 180 கி.மீ. கிழக்குக் கடற்கரைப் பாதைத் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே நிற்கிறது. தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்களுக்காக இதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

காரைக்காலிலிருந்து: எங்கள் ஊருக்கும் அப்போது ரயில் இருந்ததா?

இருந்தது. பேரளத்திலிருந்து 1898-ல் வந்தது, 1980களில் நின்றது. பிறகு நாகூர் வழியாக 2011-ல் திரும்பக் கிடைத்தது.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அகலப் பாதை எப்போது?

2004-ல். அதன் பிறகுதான் டெல்லி, ஹவுரா போன்ற தொலைதூர வண்டிகள் புதுவையிலிருந்தே கிளம்ப முடிந்தது. அதற்கு முன் விழுப்புரத்தில் இறங்கி மூட்டை முடிச்சோடு வண்டி மாற வேண்டும்.

உப்பளத்திலிருந்து: ஸ்டேஷன் இருக்கும் சாலைக்கு சுப்பையா பெயர் ஏன்?

1936 ஜூலை 30-ல் மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தை நடத்திய தலைவர் வ. சுப்பையா. மறு ஆண்டே இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது.