சர்ச்சில் எழுதிய இரண்டாம் உலகப் போர் வரலாற்றைப் படிக்கலாமா? நம்பலாமா?

தாராளமாகப் படிக்கலாம். நம்புவதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

நான் 30 வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். ஓய்வு பெற்ற பிறகு, ஒரு பழைய புத்தகக் கடையில் இந்த ஆறு பாகங்களில் ஐந்து கிடைத்தன. நான்காவது மட்டும் இல்லை. பரவாயில்லை என்று வாங்கிவந்துவிட்டேன்.

முதலில் என்னை இழுத்தது ஒரு சின்னக் காட்சி. 1940 மே 16. ஜெர்மானியர்கள் முனையை உடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு சர்ச்சில் பாரிஸுக்குப் பறக்கிறார். பிரெஞ்சுத் தலைமைத் தளபதி கமலினிடம், "சேமப் படை எங்கே?" என்று கேட்கிறார். கமலின் தலையை ஆட்டி, தோளைக் குலுக்கி, "எதுவுமில்லை" என்கிறார். வெளியுறவு அமைச்சகத்தின் ஜன்னல் வழியே பார்த்தால் தோட்டத்தில் புகை. வயதான அதிகாரிகள் தள்ளுவண்டியில் கோப்புகளைக் கொண்டுவந்து தீயில் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாடு விழப்போகிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கோப்பை எரிக்க ஆரம்பித்துவிட்டால் கதை முடிந்தது.

அப்புறம் ஒவ்வொரு பாகத்தின் பின்னிணைப்புக்கும் வந்தேன். பக்கம் பக்கமாக அவர் அமைச்சர்களுக்கும் தளபதிகளுக்கும் அனுப்பிய குறிப்புகள். அவசரமானவற்றில் "இன்றே நடவடிக்கை" என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவாராம். எல்லாம் கூர்மையான கேள்விகள். ஆனால் பதில்கள் எங்கே? பெரும்பாலும் இல்லை. எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஓர் அதிகாரி இருந்தார். தினமும் பத்துக் குறிப்பு எழுதுவார். பின்னால் ஏதாவது கோளாறானால், "நான் அப்போதே எழுதிக் கேட்டேனே" என்பார். "ஐயா, அன்றைக்கே பதில் வைத்தோமே" என்று நாங்கள் கோப்பைத் தேட வேண்டும். சர்ச்சிலின் கோப்பில் அந்தப் பக்கங்கள் அச்சேறவில்லை.

இன்னொரு வித்தையும் உண்டு. தனியாகவேனும் போரைத் தொடர்வதா என்ற கேள்வி போர் அமைச்சரவையின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறவே இல்லை என்று இரண்டாம் பாகத்தில் பெருமையாக எழுதுகிறார். ஆனால் 1940 மே 26 முதல் 28 வரை அதே அமைச்சரவைதான், இத்தாலி மூலம் சமாதானத்துக்கு வழி கேட்டுப் பார்க்கலாமா என்று மல்லுக்கட்டியது. கேட்கலாம் என்றவர் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ். கூடாது என்றவர் சர்ச்சிலேதான். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம்தான் கூட்டத்தில் அதிக நேரம் பேசப்படும் என்பது ஆபீஸில் குப்பை கொட்டிய எவருக்கும் தெரியும். அவர் எழுதியது பொய் இல்லை, அவ்வளவுதான்.

ஜெர்மானியர்களின் எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தின் செய்திகளைப் பிரிட்டன் உடைத்துப் படித்த ரகசியத்தை அவரால் எழுத முடியாது. 1970கள் வரை அது வெளியே வரவில்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நான்காம் பாகத்தைப் பிறகு நூலகத்தில் எடுத்துப் படித்தேன். சிங்கப்பூர் வீழ்ச்சியும் இந்தியாவும் வருவது அதில்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. 1942 பிப்ரவரி 15. பிரிட்டிஷ் வரலாற்றிலேயே மிகப் பெரிய சரணாகதி என்று அவரே சொல்கிறார். கடலைப் பார்த்துப் பீரங்கி வைத்தார்கள். வடக்கே தரைவழிக்கு நிரந்தர அரண் கிடையாது. அடிப்பலகை இல்லாத போர்க்கப்பலைக் கடலில் இறக்குவார்கள் என்று நினைப்பேனா, அதுபோலத்தான் இதுவும் என் புத்திக்கு எட்டவில்லை என்கிறார். அடுத்து வருவதுதான் முக்கியம்: எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆலோசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எனக்குச் சொல்லியிருக்க வேண்டும், நானும் கேட்டிருக்க வேண்டும். பாதிப் பழியைக் கீழே தள்ளிவிடுகிறார், சரி. ஆனால் "நானும் கேட்டிருக்க வேண்டும்" என்று ஒரு மேலதிகாரி கையெழுத்துப் போட்டு என் 30 வருடத்தில் நான் பார்த்ததில்லை. அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அந்தப் பிடிப்பு அதே பாகத்திலேயே உடைந்தது. இந்துஸ்தானத்து மக்களைப்போல் போரின் கொடுமைகளிலிருந்து காக்கப்பட்ட பெரிய மக்கள்கூட்டம் உலகில் வேறில்லை, எங்கள் சின்னத் தீவுதான் அவர்களைத் தோளில் சுமந்தது என்று எழுதியிருக்கிறார். 1943இல் வங்கத்தில் 30 லட்சம் பேர் வரை பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். அவர் சொல்லிச் செல்லும் கதையில் அதற்கு இடமில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் தொடவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், இரண்டாம் பாகம் என்பேன். ஆறாம் பாகத்தில் 1944 அக்டோபர் மாஸ்கோ சந்திப்பைத் தவறவிடாதீர்கள். அரைத்தாளில் ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90, கிரீஸில் பிரிட்டனுக்கு 90 என்று சர்ச்சில் நாடுகளைச் சதவீதத்தில் பங்குபோட்டு நீட்ட, ஸ்டாலின் நீலப் பென்சிலால் ஒரு டிக் போடுவார். இதை எரித்துவிடலாமா என்று சர்ச்சில் கேட்க, வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பார்.

நான்காம் பாகத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அது மட்டும் விற்பனைக்கு எங்காவது கண்ணில் பட்டால் கீழே சொல்லுங்கள்.