கேளுங்கோ, சொல்லுறம்

கேள்வி: அக்கா, நாங்கள் முல்லைத்தீவு மாவட்டம். மகன் 8ம் வகுப்பு. கணக்கு சேர் தடியால அடிச்சு கையில தழும்பு, இப்ப வீட்டிலயும் முழுக்கைச் சேட்டைக் கழட்டாமத் திரியிறான். அதிபர் "நான் கதைக்கிறன், வெளிய கொண்டுபோகாதேங்கோ" எண்டார். வலயக் கல்விக் கந்தோருக்கு எழுதினன், அவையள் விசாரிக்கச் சொல்லி அதே அதிபருக்கே அனுப்பிப்போட்டினம். இருக்கிற ஒரே கணக்கு சேரையும் கலைக்கிறியோ எண்டு ஊராக்கள் ஏசுகினம். ஆரிட்டப் போறது?

பதில்: தங்கச்சி, அந்த முழுக்கைச் சேட்டு எண்ட வரியிலயே நான் கனநேரம் நிண்டுட்டன். நீங்கள் செய்தது பிழையே இல்லை. பள்ளிக்கூடத்தில அடிக்கக் கூடாதெண்டு கல்வி அமைச்சின்ர 2016ம் ஆண்டு 12ம் இலக்கச் சுற்றறிக்கையே இருக்கு. தெற்கில ஒரு பொடியனுக்கு ஆசிரியர் அறைஞ்சு காது கேக்காமப் போன வழக்கில, 2021ல உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் எண்டு சொல்லி, அரசாங்கம் 5 லட்சமும் ஆசிரியர் ஒண்டரை லட்சமும் கட்டோணும் எண்டு தீர்த்தது.

முறைப்பாட்டைக் கல்வித் திணைக்களத்துக்குள்ளயே சுத்தவிட்டா கடைசியில ஒரு இடமாற்றத்தோட முடிச்சுவிடுவினம், அவர் இன்னொரு பள்ளிக்கூடத்தில போய் அதே தடியை எடுப்பார், அங்கயும் ஒரு தாய் உங்களை மாதிரி அலையோணும். அதாலதான் கல்வித் திணைக்களத்துக்கு வெளிய இருக்கிறவையிட்டப் போங்கோ எண்டு சொல்லுறன்.

முதல் 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை, காசில்லை, தமிழிலயே கதைக்கலாம். பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பினம், அவையையும் சந்தியுங்கோ. பிறகு வவுனியாவில இருக்கிற மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகம். இஞ்சதான் கனபேர் நாளை விட்டுடுகினம். அடிப்படை உரிமை வழக்குப் போட ஒரு மாதம்தான் தவணை, ஆனா அந்த மாதத்துக்குள்ள ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தா அங்க விசாரணை நடக்கிற நாள் அந்தக் கணக்கில சேராது. குடுத்தாக் காணும் எண்டு விடவும் கூடாது, விசாரணை உண்மையா நடக்குதோ எண்டு கேட்டுக்கொண்டே இருக்கோணும்.

தழும்பை இண்டைக்கே போட்டோ எடுங்கோ, அரசாங்க ஆஸ்பத்திரியில காட்டி துண்டு வாங்குங்கோ. எதையும் வாயால சொல்லிப்போட்டு வராதேங்கோ, கடிதமா பதிவுத் தபாலில போடுங்கோ. நானும் ஒருக்கா ஒரு கந்தோரில கடிதத்தைக் கையில குடுத்துட்டு வந்து, "அப்பிடி ஒண்டும் வரேல்லயே" எண்டு கேட்டு நிண்டனான், அதுக்குப் பிறகு தபால் துண்டு இல்லாம ஒரு கடிதமும் அனுப்பினதில்லை. வலயத்துக்கு உங்கட முறைப்பாட்டில என்ன நடவடிக்கை எடுத்தவை எண்டு 2016ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில கேளுங்கோ, தாறமோ இல்லையோ எண்டதை 14 வேலைநாளுக்குள்ள முடிவெடுத்துச் சொல்லோணும்.

ஊராக்கள் சொல்லுறதும் விளங்குது, வன்னியில ஒரு கணக்கு சேர் கிடைக்கிறது லேசில்லை. ஆனா பயந்துகொண்டு இருக்கிற பிள்ளைக்கு கணக்கு ஏறாது தங்கச்சி.

எண்டைக்கு அடிச்சது எண்டு நீங்கள் எழுதேல்ல. மாதம் ஆகேல்லயெண்டா நாளைக்கே வவுனியா பஸ் ஏறுங்கோ. தாண்டியிருந்தாலும் 1929க்கும் பொலிசுக்கும் அந்த ஒரு மாதக் கணக்கு இல்லை.