ஏழு இடத்திலும் ஒரே பீர்தான்

கேள்வி: செப்டம்பர் கடைசியில் டர்பன் வருகிறேன். தங்கை வாழ்க்கைப்பட்ட சாட்ஸ்வொர்த் வீட்டில் தங்கல், பிறகு கேப் டவுன். நான் கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகளில் காய்ச்சுவது) பிரியன். தென்னாப்பிரிக்காவின் அசல் உள்ளூர் பீரைக் குடித்துப் பார்க்க வேண்டும். ஏழு இடங்களைக் குறித்து அனுப்பியிருக்கிறேன், எல்லாம் ஐபிஏ-வுக்கு (ஹாப்ஸ் பூவின் கசப்பு தூக்கலான பீர்) பேர் போனவை. கறுப்பின மக்கள் வசிக்கும் டவுன்ஷிப் பக்கமே போகாமல் பத்திரமாக முடித்துவிடலாம் அல்லவா? தங்கையின் மாமனாரிடம் கேட்டேன். எழுபது வயதாகிறது, கேஸில் லாகரைத் தவிர ஒரு பெயரும் தெரியவில்லை! (வாசகர், கோவை)

பதில்: பட்டியலைப் பார்த்தேன். நல்ல இடங்கள்தான். கேப் டவுனில் டெவில்ஸ் பீக் கம்பெனியின் கிங்ஸ் பிளாக்ஹவுஸ் பற்றி நானும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அமெரிக்கப் பாணி ஐபிஏ. உங்கள் ஏழில் மற்றவையும் அந்த வழிதான். கோவையில் ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை பெங்களூர். அங்கே இதே சுவை, இதே பலகையில் நான்கு சின்னக் கிளாஸ், சுவரில் இதே செங்கல். இதற்குக் கடல் தாண்டி வருவானேன்?

அசல் உள்ளூர் பீர் வேண்டும், ஆனால் உள்ளூர்க்காரர் வசிக்கும் பக்கம் போக மாட்டேன் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக நடக்காது.

இந்த மண்ணின் பீருக்கு ஜூலு மொழியில் உட்ஷ்வாலா என்று பெயர். கோசா மக்கள் உம்கோம்போதி என்பார்கள். முளைகட்டிக் காயவைத்த சோளம், மக்காச்சோள மாவு, தண்ணீர். மாவை வெந்நீரில் கரைத்து ஒன்றிரண்டு நாள் புளிக்க விட்டு, கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் முளைச்சோள மாவைப் போட்டு மறுபடி பொங்க விடுவார்கள். ஹாப்ஸ் கிடையாது. கலங்கலாக, வெளிர் பழுப்பாக, புளிப்பாக இருக்கும். போதை மிகக் குறைவு. குடிக்கும்போதும் உள்ளே நொதித்துக்கொண்டுதான் இருக்கும். நம் ஆடிக்கூழின் புளிப்பு நாக்கில் இருப்பவருக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும். ஐபிஏ பிரியர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சுவது பெண்கள். புல்லால் பின்னிய வடிகட்டியில் வடித்து, உகாம்பா என்கிற கறுத்துப் பளபளக்கும் மண்பானையில் ஊற்றி, பின்னிய மூடி போட்டு வைப்பார்கள். காய்ச்சியவளே முதலில் ஒரு வாய் குடித்துக் காட்டுவாள். முன்னோருக்கும் ஒரு பங்கு உண்டு. நீங்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் பானையைப் பிடித்துக் குடித்து அடுத்தவரிடம் தர வேண்டும். தனியாகக் கிளாஸ் கேட்காதீர்கள்.

இதே சோள பீர் கடையிலும் கிடைக்கும். ஜூபா என்ற பெயரில் அட்டைப் பெட்டியில் வரும், குலுக்கிவிட்டுக் குடிப்பது. ஒரு காலத்தில் அந்தத் தொழில் நம் விஜய் மல்லையாவின் கையில் இருந்தது. அவர் போகாத இடமில்லை!

சரி, மாமனார் விஷயம். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். கேஸில், 1895-இல் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கக்காரர்களின் தாகத்தை நம்பிப் பிறந்த பீர். பல பத்தாண்டுகள் நாட்டின் பீர் வியாபாரம் ஏறக்குறைய முழுவதும் அதைக் காய்ச்சும் ஒரே கம்பெனியின் பிடியில் இருந்தது. நைஸ்னாவில் மிட்செல்ஸ் என்ற முதல் சிறு ஆலை வந்ததே 1983-இல்தான். அப்போது தங்கையின் மாமனாருக்கு முப்பது வயது நெருங்கியிருக்கும். அவர் வேறு எதைக் குடித்துப் பழகியிருக்க முடியும்? 2016-இல் அந்தக் கம்பெனியையும் ஏபி இன்பெவ் என்ற பன்னாட்டு பீர் கம்பெனி வாங்கிவிட்டது. ஆக இன்று கேஸிலும் வெளிநாட்டு முதலாளியுடையதுதான். அதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம்.

அவரிடம் பீர் பெயர்களைக் கேட்காமல் டர்பனின் கேட்டோ மேனர் என்ற பகுதியைப் பற்றிக் கேளுங்கள். சாட்ஸ்வொர்த்தின் பல குடும்பங்கள் அங்கிருந்து இனவாரிப் பகுதிச் சட்டத்தால் பெயர்க்கப்பட்டவை. இன்றும் காவடிக்கு பெல்லேர் ரோடு கோயிலுக்குத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கேட்டோ மேனரில்தான் ஆப்பிரிக்கப் பெண்கள் வீட்டில் பீர் காய்ச்சி விற்றுப் பிள்ளை வளர்த்தார்கள். அது குற்றம். ஏனென்றால் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் 1908-ஆம் வருடச் சட்டத்தை வைத்து, சோள பீர் காய்ச்சி விற்கும் ஏகபோக உரிமையை டர்பன் நகராட்சி எடுத்துக்கொண்டது. நகராட்சி பீர் ஹாலில் கறுப்பின ஆண்கள் குடித்த காசிலேயே அவர்களை அடக்கி ஆளும் நிர்வாகச் செலவு நடந்தது. மற்ற நகரங்கள் இந்த ஏற்பாட்டை ‘டர்பன் முறை’ என்றே காப்பியடித்தன. 1959 ஜூனில் கேட்டோ மேனர் பெண்கள் தடியோடு பீர் ஹாலுக்குள் புகுந்து ஆண்களை விரட்டினார்கள். கறுப்பின மக்கள் கடையில் சட்டப்படி பாட்டில் பீர் வாங்க முடிந்ததே 1962-இல்தான்.

நம்மவருக்கும் இதில் பங்கு உண்டு. 1920-களின் கடைசியில் மதுச் சட்ட மசோதாவின் 104-ஆவது பிரிவு, மது விற்கும் ஓட்டல்களில் இந்தியர் வேலை செய்வதைத் தடுக்கப் பார்த்தது. பரிமாறுகிற வேலையை நம்பியிருந்த நேட்டால் குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும். அப்போது இந்தியாவின் பிரதிநிதியாக இங்கே இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி பேசிப் பேசியே அந்தப் பிரிவை எடுக்க வைத்தார். டர்பன் ஓட்டலில் கிளாஸைக் கையில் எடுக்கும்போது இது தெரிந்திருந்தால் நல்லது.

புது ஆலைகளுக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள், ஆனால் கவுண்டரில் நிற்பவரிடம் ஹாப்ஸ் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஹாப்ஸ் கொடிக்கு நீண்ட கோடைப் பகல் வேண்டும். கேப் மாகாணத்தின் ஜார்ஜ் பகுதியில் பகல் போதாமல், முன்பு தோட்டத்தில் விளக்கு போட்டு வளர்த்தார்கள். பிறகு இந்த வெளிச்சத்துக்கே ஏற்ற ரகங்களை உருவாக்கினார்கள்: சதர்ன் பேஷன், ஆப்பிரிக்கன் குயீன். 2017-இல் விளைச்சல் குறைந்தபோது ஏபி இன்பெவ் எல்லாவற்றையும் தனக்கே வைத்துக்கொண்டதால், வாங்க முடியாமல் அமெரிக்கச் சிறு ஆலைகள் கத்தின. அந்த ரகம் போட்ட பீர் கிடைத்தால் விடாதீர்கள். அபிவே நுக்சானி-மவேலா என்ற பெண்மணி டோலொகாசி என்ற பெயரில் சோளம் சேர்த்த பில்ஸ்னர் காய்ச்சுகிறார். உங்கள் ஏழில் அவர் பெயரைக் காணோம்.

டர்பனிலிருந்து ஒரு நாள் இருந்தால் நாட்டிங்ஹாம் ரோடு என்ற ஊரின் ஆலைக்குப் போய் பிக்கிள்ட் பிக் போர்ட்டர் என்ற கறுப்பு பீரைக் குடியுங்கள். வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் காந்தியோடு படம் எடுத்துக்கொண்டு, நேராக மதுச்சாலைக்கு வண்டியை விடும் நம்மூர்க்காரர்கள் நிறைய பேர், நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். வேறு ஆள் ஓட்டட்டும். 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம்தான் இங்கே வரம்பு. ‘பனி சௌ’வோடு (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு நிரப்பிய டர்பன் சாப்பாடு) மட்டும் ஐபிஏ வேண்டாம், அந்தக் கசப்பு டர்பன் மசாலாவின் காரத்தை ஏற்றிவிடும். அதற்கு மாமனாரின் கேஸில்தான் சரி.

பத்திரம் பற்றிக் கேட்டீர்கள். சாட்ஸ்வொர்த்துக்கும் உம்லாசி டவுன்ஷிப்புக்கும் நடுவே ஒரு ஆறுதான். வெள்ளையர் பகுதிக்கும் உம்லாசிக்கும் நடுவில் தடுப்பாகத்தான் நம்மவரையே சாட்ஸ்வொர்த்தில் குடிவைத்தார்கள். இருட்டில் வாடகைக் காரில் தனியாகத் தெரு தெருவாகத் தேடாதீர்கள், அது எந்த ஊருக்கும் பொருந்தும். தங்கையோடு வேலை பார்ப்பவர்களில் உம்லாசிக்காரர் யாராவது இருப்பார். அவர் வீட்டு விசேஷத்துக்குப் பகலில், அழைப்போடு போங்கள். கை வீசிக்கொண்டு போகாதீர்கள்.

கடைசியாக, தேதி. செப்டம்பர் கடைசி என்றால் புரட்டாசி. இங்கே பல தமிழ் வீடுகளில் அந்த மாதம் முழுக்கக் கறியும் கிடையாது, மதுவும் கிடையாது. நீங்கள் ஐபிஏ வாடையோடு ராத்திரி கதவைத் தட்டினால் தங்கைதான் பதில் சொல்ல வேண்டிவரும். டிக்கெட்டை அக்டோபர் 20-க்கு மேல் மாற்ற முடியுமா என்று பாருங்கள்.