துணைநபரிடம் கேளுங்கள்

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கும், அவர்களைக் காக்க நிற்கும் பெற்றோருக்கும் வழக்கு முடியும்வரை கூடவே இருப்பது என் வேலை. வந்த கேள்விகளும் என் பதில்களும்:

அக்கா, என் ஏழு வயது மகள் நேற்று ராத்திரி சொன்னாள். இன்னும் விவரம் கேட்கட்டுமா?

தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னதை, அவள் வார்த்தையிலேயே, தேதி போட்டுக் குறித்து வையுங்கள். "இங்கே தொட்டானா?" என்று நாமே எடுத்துக்கொடுத்தால், நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் "அம்மா சொல்லிக்கொடுத்தது" என்பார். "நீ சொன்னது நல்லது, நான் நம்புறேன், உன் மேல தப்பே இல்ல" என்று சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவன் நெருங்காமல் பார்த்துக்கொண்டு இன்றைக்கே புகார் கொடுங்கள். சமீபத்தில் நடந்தது என்றால் மருத்துவப் பரிசோதனையும் தள்ளிப்போகக் கூடாது.

எத்தனை பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்?

இந்த அவதியைக் குறைக்கத்தான் 1985-இல் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையோடு பேசுவார். போலீஸ், வக்கீல், மருத்துவர் எல்லாரும் அந்த ஒரே பேச்சை வைத்துக்கொள்வார்கள். 1998-இல் ஐஸ்லாந்தும் தொடங்கியது. உங்கள் பக்கம் அப்படி இருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள்.

ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே. நான் என்ன அம்மா?

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. ஒருவர் வெளியே காத்திருந்தபோது மகளின் ரிப்பனை விரலில் சுற்றிச் சுற்றி, நுனி நீலம் பாய இறுக்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் அந்தப் பிள்ளை தேடியது அம்மாவின் முகத்தை. இப்படிச் செய்கிறவன் குழந்தையை நெருங்கும் முன்பே பெரியவர்களின் நம்பிக்கையைத்தான் சம்பாதிக்கிறான், அம்மா. உங்களை ஏமாற்றியது அவன். குழந்தை மீண்டு வருவதில் வீட்டாரின் ஆதரவுக்குப் பெரிய பங்கு உண்டு. நல்ல ஆலோசனை சிகிச்சையில் பெற்றோருக்கும் தனி நேரம் ஒதுக்குவது அதனால்தான். வெட்கப்படாமல் போங்கள்.

செய்தது என் தம்பி. "மானம் போயிடும், கேஸை வாபஸ் வாங்கு" என்கிறார் எங்கள் அம்மா.

வாங்காதீர்கள். இந்தப் பேச்சு குழந்தை காதில் விழவும் விடாதீர்கள். நெருக்கினால் பிள்ளைகள் "பொய் சொன்னேன்" என்று பின்வாங்கிவிடுவது உண்டு.

கோர்ட்டுக்குப் போக மகன் பயப்படுகிறான்.

ஆள் இல்லாத நேரத்தில் கோர்ட் ஹாலைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்படி அழைத்துப்போன ஒரு பையன் ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டு, "இதுல யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அப்புறம், "நீங்க எதுல உட்காருவீங்க?" என்றான். காட்டினேன்.