ரீ: கடைல விண்டோஸ் போட்டுட்டு வந்ததுலேர்ந்து மவுஸ் தானா நகருது, பாஸ்வேர்ட் மாத்தியும் நிக்கல

பாஸ்வேர்ட் மாத்தினா நிக்காது, ஏற்கெனவே உள்ள இருக்கறவனுக்கு அது தேவையே இல்ல. மொதல்ல வைஃபைய ஆஃப் பண்ணுங்க. அப்பவும் நகந்துச்சுன்னா மவுஸ்லயே கோளாறா இருக்கலாம்.

நெட் இருந்தாதான் நகருதுன்னா, பெரும்பாலும் கடைல எனிடெஸ்க் மாதிரி, தூரத்துலேர்ந்தே கம்ப்யூட்டர இயக்கற சாஃப்ட்வேர் ஒண்ண போட்டு, நீங்க ஓகே குடுக்காமலே உள்ள வர்ற மாதிரி வச்சிருப்பாங்க. அது சர்வீஸா ஓடும், நீங்க இருக்கற ரங்கூன்ல கரண்ட் போய் போய் வந்தாலும் தானா எழுந்துக்கும், ஆன்டிவைரஸும் பெரும்பாலும் கண்டுக்காது ஏன்னா அது வைரஸே இல்ல. அடுத்த சந்தேகம் விண்டோஸ காசு குடுக்காம ஆக்டிவேட் பண்ண போட்ட கிராக்ங்கற திருட்டு புரோகிராம்.

1. நெட்ட போட்டு, கமாண்ட் ப்ராம்ப்ட்ல நெட்ஸ்டாட் அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு மைனஸ் ஏஎன்ஓ. எஸ்டாப்ளிஷ்ட்னு வர்ற வரில கடைசி நம்பர டாஸ்க் மேனேஜர் டீடெய்ல்ஸ்ல தேடுங்க, எந்த புரோகிராம்னு தெரியும். அங்க ஃபேஸ்புக் தடைங்கறதால அதுக்கு வச்சிருக்கற விபிஎன்னும் அதுல வரும், ஆஃப் பண்ணிட்டு பாருங்க.

2. லாகின் ஸ்கிரீன்ல ஷிஃப்ட் 5 தடவ தட்டுங்க. ஸ்டிக்கி கீஸ்னு கேட்டா சரி. கறுப்பு கமாண்ட் விண்டோ வந்துச்சுன்னா யாரோ சிஸ்டம் ஃபைல மாத்தி வச்சிருக்காங்க, அதுக்கு மேல யோசிக்கவே வேணாம்.

ஆனா ரெண்டும் சுத்தமா வந்தாலும் நம்பிடாதீங்க, சில பேக்டோர் (உள்ள வர்றதுக்கு ஒளிச்சு வச்ச வழி) எப்பவாவதுதான் நெட்ல வெளிய பேசும். நானா இருந்தா வேற கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் சைட்லேர்ந்து விண்டோஸ் யூஎஸ்பி ரெடி பண்ணி எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போடுவேன். அழிக்கறதுக்கு முன்னாடி டாக்குமெண்ட், போட்டோ மட்டும் காப்பி எடுங்க, கடை பென்டிரைவ் வேணவே வேணாம். ஜிமெயில், பேங்க் பாஸ்வேர்டெல்லாம் இந்த மெஷின்லேர்ந்து மாத்தாதீங்க, போன்லேர்ந்து மாத்துங்க.